நாலைப் பிரிக்க அஞ்சு வழி

ஒரு குழி நிலம்கூடச் சொந்தமில்லாமல், வில்லியனூர் சுற்றுவட்டாரத்து நிலத்தகராறு அத்தனையையும் தலையில் வாங்கிக்கொண்ட ஒரே மனுஷர் எங்கள் பார்ட்டிஷன் சார்தான். அந்தப் பாவம் என்னைச் சேரும்.

நான் அப்போது கரண்ட் மீட்டர் ரீடிங் எடுத்துக்கொண்டிருந்தேன். ஸ்டேஷன் பக்கம் ஒரு மாடி ரூமில் நானும் அவரும். அவருக்குக் கணக்கில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி. ஒரு எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாய் உடைக்கலாம் என்பதுதான் விஷயம்; இங்கிலீஷில் அதற்குப் பேர் பார்ட்டிஷன். நூறை உடைத்தால் பத்தொன்பது கோடிக்கு மேல் வழியாம். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிற ஆள், இதை மட்டும் தப்பில்லாமல் சொல்வார்.

"அதுல வர்ற சில கணக்குத் தொடருக்குப் பேரே போலிப்பா. அசல் மாதிரியே எல்லாம் பண்ணும், ஒரு இடத்துல காலை வாரிடும்."

"எங்க மச்சான் மாதிரின்னு சொல்லு சார்" என்பார் எங்கள் ரூமுக்குக் கீழே இருந்த டீக்கடைக்காரர்.

அந்த டீக்கடைக்காரர்தான் ஒருநாள், "சாரு இன்னாதான் படிக்கிறாரு?" என்று என்னைக் கேட்டார். "பார்ட்டிஷன்" என்று சொல்லித் தொலைத்தேன். நம்ம பக்கம் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம், பாகப்பிரிவினை.

அந்த ஞாயிறே சுத்துக்கேணியிலிருந்து அண்ணன் தம்பி ரெண்டு பேர் பத்திரத்தோடு, தனித்தனி பைக்கில் வந்து இறங்கினார்கள். நாலு காணி கரும்பு, தண்ணிக்கு ஒரே போர்வெல். ஆறு மாசமாகப் பேச்சில்லை. இன்றைக்குத் தீரவில்லை என்றால் நாளைக்குக் கோர்ட்.

"நாலை எப்படி சார் பிரிக்கறது?"

சாருக்கு முகமெல்லாம் பல். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருத்தர் வலிய வந்து கேட்கிறார்! "அஞ்சு வழி இருக்குங்க" என்று நோட்டைத் திறந்தார்.

மூணும் ஒண்ணும் என்றார். "மூணு யாருக்கு?" என்று தம்பி எகிறினார். ரெண்டும் ரெண்டும் என்றார். "அப்ப போரு?" என்றார் அண்ணன். ரெண்டு, ஒண்ணு, ஒண்ணு. "மூணாவது ஆளு யாரு சார், நீங்களா?" ஒண்ணு ஒண்ணாய் நாலு என்றதும் நான் கதவோரம் போய் நின்றுகொண்டேன்.

அஞ்சாவதாக வெறும் 4 என்று எழுதினார்.

"இன்னா சார் இது, பிரிக்கவே இல்லியே!"

"பிரிக்காம விட்டாலும் அது ஒரு பார்ட்டிஷன்தாங்க. அதைச் சேர்க்கலைன்னா கணக்கே தப்பு."

ரெண்டு பேரும் அந்த நாலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அண்ணன், "டேய், மோட்டார் காயில் போயிடுச்சாமே, கட்டிட்டியா?" என்றார்.

"இன்னும் இல்லண்ணே."

பத்திரத்தைச் சுருட்டிக்கொண்டு ரெண்டு பேரும் ஒரே பைக்கில் மோட்டார் கடைக்குப் போனார்கள். இன்னொரு பைக் சாயங்காலம் வரை எங்கள் வாசலில் கிடந்தது. அந்தப் பொங்கலுக்கு எங்கள் ரூமில் கால் வைக்க இடமில்லாமல் கரும்பு.

பட்டம் வாங்கி, சார் வடக்கே வேலைக்குக் கிளம்பினார். நாங்கள் சேர்ந்து வாங்கினது ஒரு ஸ்டவ், ஒரு குக்கர், ஒரு பச்சை வாளி. "எப்படி சார் பிரிச்சுக்கலாம்?" என்றேன்.

"அஞ்சாவது வழிப்பா" என்றார். திருப்பிப் போட்ட சட்டையோடு ரயிலுக்கு ஓடினார்.

எனக்குக் கல்யாணமாகி ரெண்டு வூடு மாறியாச்சு. அந்த வாளி விரிசல் விட்டு ஒழுகுகிறது. "தூக்கிப் போட்டாத்தான் இன்னா?" என்கிறாள் என் வூட்டுக்காரி. எப்படிப் போடுவது? கணக்குப்படி பார்த்தால் நானும் சாரும் இன்னும் பிரியவே இல்லை.