புளியமரத்துக் குடித்தனக்காரர்கள்

அன்புள்ள மச்சான் முத்துகிருஷ்ணன் அவர்களுக்கு,

உத்தரகோசமங்கையிலிருந்து இருளாண்டி கும்பிட்டு எழுதுவது. இங்கு நானும் உங்கள் தங்கை நாகலெட்சுமியும் சுகம். தொண்டியில் எல்லோரும் சுகமாயிருக்க மங்களநாதரை வேண்டுகிறேன். போனில் பேசினால் அவள் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

மழை முடிந்து கண்மாய் நிறைந்ததும் நம் கொல்லைப் புளியமரத்தில் பழந்தின்னி வௌவால்கள் கூட்டமாக வந்து குடியேறின, மச்சான். பகலெல்லாம் தலைகீழாகத் தொங்கியபடி ஒன்றையொன்று ஏசும். பொழுது சாய்ந்ததும் பழம் தேடிக் கிளம்பும். விடியுமுன் திரும்பி வந்து இடத்துக்குச் சண்டை போடும். ஆருத்ரா தரிசனத்துக்குப் புது வேட்டி கட்டி இறங்கினேன், மேலே எச்சம் விழுந்தது. மாற்றிக்கொண்டு வந்தேன், மறுபடி விழுந்தது. கடைசியில் மேகமே இல்லாத வானத்தின் கீழ் குடை பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். எதிரே வந்தவர்களெல்லாம் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்கள். ஆத்திரத்தில் தகரத்தைத் தட்டினால், பாதி வௌவால் பக்கத்து வீட்டு அருள்முருகனின் வேம்புக்குப் போய்விட்டது. அவர் வந்து, "ஒங்க வௌவால நீங்களே கூப்பிட்டுக்கங்கண்ணே" என்று வாசலை விட்டு நகரவில்லை. வௌவாலை எப்படிக் கூப்பிடுவது? தட்டிய பாவத்துக்கு உங்கள் தங்கை என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சோற்றைப் போட்டுவிட்டு, "சாப்பிடச் சொல்லுங்க" என்று மரத்திடம் சொல்கிறாள்.

இப்போது கண்மாய் வற்றிவிட்டது. பறந்தபடியே வயிற்றை நனைத்து, அந்த ஈரத்தை நக்கிக் குடிக்கத் தண்ணீர் இல்லாமல், போன வாரம் கூட்டம் கடற்கரைப் பக்கம் கிளம்பிவிட்டது. உங்கள் தலைக்கு மேலேகூடப் போயிருக்கலாம். இவள் மரத்தைப் பார்த்து மூக்கைச் சிந்துகிறாள். மழை பெய்தால் திரும்பி வந்துவிடும். அதற்குள் உங்கள் தங்கையை அங்கே அழைத்துக்கொண்டு, மரம் அறுக்கும் மிஷின்காரரை இங்கே அனுப்பி வையுங்கள்.

அக்காவின் மூட்டுவலி தீரட்டும், பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும்.

தங்கள் அன்பு மைத்துனன்,
இருளாண்டி

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துவிட்டு மரத்தை அளக்கப் போனேன், மச்சான். தாழ்ந்த கிளையில் ஒரு வௌவால் மட்டும் தனியாகத் தொங்கியது. நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி பால் குடித்தது. அதனால்தான் கூட்டத்தோடு போகவில்லை போலிருக்கிறது. என்னைக் கண்டதும் சிறகால் குட்டியை மூடிக்கொண்டது. பின்னால் வந்து நின்ற உங்கள் தங்கை, "என்ன செய்யப் போறீக?" என்று என்னிடமே கேட்டாள். "பச்ச உடம்புக்காரிய எங்கன போகச் சொல்ல?" என்று என் வாய் சொல்லிவிட்டது. மிஷின்காரர் வேண்டாம். கொய்யாப்பழம் இருந்தால் கொடுத்தனுப்புங்கள். நன்றாகக் கனிந்ததாக இருக்கட்டும். பிள்ளை பெற்றவளுக்குக் காய் ஆகாது என்கிறாள் உங்கள் தங்கை.