நம்பர் அங்கிள் வீட்டு சர்வர்

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடிக்கு இன்டர்நெட் என்ற ஒன்று வந்ததே நம்பர் அங்கிளின் படுக்கையறையிலிருந்துதான் என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். அவரும் மறுக்க மாட்டார்.

ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் தூக்கிப் போடச் சொன்ன பழைய கம்ப்யூட்டரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தி சர்வர் ஆக்கிவிட்டார். பக்கவாட்டு மூடியைக் கழற்றி, ஆன்டியின் மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பினார். கோயில் திருவிழாப் படங்கள், குடியிருப்போர் கூட்டக் குறிப்பு, காதுகுத்து வீடியோ எல்லாம் அதற்குள்தான் இருந்தன.

"அடுத்தவன் கம்பெனியில வெச்சா அது அவன் சொத்து லா. இது நம்ம சொத்து," என்பார். ஆன்டி வியர்வையைத் துடைத்துக்கொள்வார்.

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். மோடம் அணைந்து எரியும் ஒவ்வொரு முறையும் சர்வரின் முகவரி மாறிவிடும். முகவரி என்றால் வெறும் எண்கள். அங்கிள் கீழே இறங்கி, லிஃப்ட் பக்கத்துப் பலகையில் புது எண்ணைச் சாக்பீஸால் எழுதுவார். அதைக் கொண்டு வீடியோ பார்த்தவர்களைவிட, அதிலிருந்து நாலு எண்ணைப் பொறுக்கி லாட்டரி எடுத்தவர்களே அதிகம். மூன்றாம் மாடி முனியாண்டி அண்ணனுக்கு ஆறுதல் பரிசே விழுந்தது. ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து சர்வரைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

என் தங்கை கல்யாணம் கிள்ளானில் நடந்தது. அப்பா தெலுக் பங்லிமா காராங்கில், சித்தி வீட்டில் படுத்த படுக்கை. மகள் கழுத்தில் தாலி ஏறும்போதே பார்க்க வேண்டும், வேறெதுவும் வேண்டாம் என்றார். பெரிய கம்பெனிகளின் நேரலையை நம்ப முடியாது. நாதஸ்வரக்காரர் சினிமாப் பாட்டைத் தொட்டால் காப்புரிமை என்று நிறுத்திவிடுவார்கள். எங்கள் நாதஸ்வரக்காரர் வேறு பாட்டைத் தொட்டதே இல்லை. அங்கிளிடம் போனேன்.

"அப்பா பார்ப்பாரு. நான் பொறுப்பு," என்றார்.

கல்யாணத்தன்று காலை அவர் வீட்டில் ரைஸ் குக்கருக்கும் இஸ்திரிப்பெட்டிக்கும் தடை. அவர் மண்டபத்துக்கும் வரவில்லை, சர்வரை விட்டு நகரவில்லை. நான் மணமேடை ஓரம் போனைப் பிடித்துப் படம் அனுப்பிக்கொண்டிருந்தேன். பத்தரைக்குள் தாலி ஏற வேண்டும். பத்து இருபதுக்குப் படம் நின்றது. பிரிக்பீல்ட்ஸில் விழுந்த இடியில் மோடம் அணைந்து எரிந்திருக்கிறது. என் மனைவியின் போனில் அங்கிள் கத்தினார்.

"தம்பி, தாலியை நிறுத்து!"

"ஐயர் கையில எடுத்துக் கொடுத்துட்டாரு அங்கிள்!"

"மாப்பிள்ளை கையைப் புடி லா!"

பிடித்தேன். மாப்பிள்ளை திருதிருவென விழித்தார். சம்பந்தி எழுந்தேவிட்டார். "நல்ல நேரம் இன்னும் நாலு நிமிஷந்தான்," என்றார் ஐயர். அங்கிள் புது எண்களை எனக்குச் சொன்னார், மனைவி அவற்றை என் போனில் தட்டினாள். பிறகு சித்தியைக் கூப்பிட்டு அவருக்கும் சொன்னார். மண்டபமே என்னையும் மாப்பிள்ளையின் மணிக்கட்டையும் பார்த்துக்கொண்டிருந்தது. போன் மறுபடி அடித்தது.

"உங்கப்பா பார்க்கிறாரு. இப்ப கட்டச் சொல்லு!"

கெட்டிமேளம் முழங்கியது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து உத்தரவு வந்து தாலி ஏறிய கல்யாணம் எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றுதான். இதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

பந்திக்கு உட்காரும்போது, மண்டபத்துக்கு வர முடியாத உறவினர்களோடு காலையிலிருந்து வீட்டில் நேரலை பார்த்துக்கொண்டிருந்த சுபாங் ஜெயா அத்தை போன் செய்து வெளுத்து வாங்கினார். "எங்க யாருக்கும் ஒண்ணுமே தெரியலடா! என்ன சர்வரு அது?"

மாலையில் கல்யாணச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு அங்கிளைப் பார்க்கப் போனேன்.

"அத்தை கோவமா இருக்காங்க அங்கிள். மொத்தம் எத்தனை பேருதான் பார்த்தாங்க?"

"ஒருத்தரு."

"ஒருத்தரா?"

"புது நம்பரை உங்க சித்திக்கு மட்டுந்தான் கொடுத்தேன். நம்ம வீட்டு லைன் சின்னது தம்பி. எல்லாரும் ஏறினா உங்கப்பாவுக்குப் படம் நின்னு நின்னு வரும். தாலி ஏறுற நேரத்துல நின்னுட்டா?"

அத்தை இன்றைக்கும் அங்கிளைத் திட்டுகிறார். அவருக்காக ஒரு வார்த்தை பேசலாம் என்று வாயைத் திறக்கிறேன். ஒவ்வொரு முறையும், "அப்பா பார்த்தாரு அத்தை" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.