சொன்ன பேச்சைக் கேட்கும் கார்

உலகத்தில் ஒரே ஒரு பொருளாவது என் பேச்சைக் கேட்க வேண்டும்.

இந்தத் தீர்மானத்துக்கு நான் வந்தது என்னுடைய நாற்பதாவது பிறந்தநாளில். அன்றைக்கு மில்லில் சூப்பர்வைசர் கத்தினான். தாதர் ஸ்டேஷனில் என் காலை மிதித்தவனே என்னைப் பார்த்துக் கத்தினான். வீட்டுக்கு வந்தால் ஏஞ்சலம்மாள். என் மனைவி கத்த மாட்டாள். அது வேறு ஜாதி. "உக்காருங்க" என்பாள். உட்கார்ந்த பிறகு, எதற்காக எழுந்தேன் என்பதே மறந்துபோகும். எங்களுக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. ஒரு பூனை உண்டு. அதுவும் அவள் கட்சி.

அந்த வாரம் தாதர் நடைபாதையில் ஒரு பழைய இங்கிலீஷ் பத்திரிகை கிடைத்தது. அதில் ஒரு வெள்ளைக்காரன் கையில் பெட்டியோடு நிற்கிறான். தூரத்தில் சின்ன ரேஸ் கார் ஒன்று ஓடுகிறது. கயிறு இல்லை, கம்பி இல்லை. ரேடியோ அலையிலேயே ஓட்டுகிறானாம். நான் காரைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தேன். சொன்னது நடக்கிற மனுஷனின் முகம். அந்த முகம் எனக்கும் வேண்டும் என்று அடித்துக்கொண்டது மனசு.

நான் மில்லில் ஃபிட்டர். கை வேலை தெரியும். பழைய சாமான் விற்கிற சோர் பஜாரில் ஜப்பான் பொம்மையின் மோட்டார் கிடைத்தது. உடைந்த டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்றும் கிடைத்தது. காருக்கு அடித்தகடு வேண்டுமே? ஏஞ்சலம்மாள் இல்லாத நேரம் பார்த்துச் சோற்றுப்பானையின் அலுமினிய மூடியை அறுக்க உட்கார்ந்தேன். எங்கள் வீடு தாராவியில், வரிசை வீடுகள் கொண்ட ஒரு சாலில்; கோலி என்பார்கள், ஒரே அறை. அதில் ரகசியமாகத் தும்மக்கூட முடியாது. பாதி மூடி அறுபட்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது.

"என்னத்த அறுக்கிய?"

"மூடி."

"அது தெரியுது. எதுக்கு அறுக்கிய?"

"ரேஸ் கார் செய்யுதேன். ரேடியோ வச்சு ஓடும்."

"யாருக்கு?"

இந்த 'யாருக்கு'வில் மாட்டிக்கொண்டேன். 'எனக்கு' என்று சொல்லியிருந்தால் அன்றோடு கார் முடிந்தது. ரேடியோப் பெட்டிக்கு லைசென்ஸ் தபாலாபீஸில் கொடுப்பார்கள். எனக்கு லைசென்ஸ் கொடுக்கிற ஆபீஸ் ஏஞ்சலம்மாள்தான்.

"ஆண்டவருக்கு" என்றேன்.

"ஆண்டவருக்கு எதுக்குக் காரு?"

"அறுப்பின் பண்டிகை வருதுல்லா? காணிக்கையாக் குடுப்போம். ஏலத்துல நல்ல விலைக்குப் போவும்."

அறுப்பின் பண்டிகை என்றால், ஊர்ப்பக்கம் முதல் விளைச்சலைக் கோயிலுக்குக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதை ஏலம் விட்டுப் பணத்தைச் சபையில் சேர்ப்பார்கள். தாராவியில் எவன் வயல் அறுக்கிறான்? இங்கே அறுப்பதெல்லாம் தோல்தான். ஆகவே எங்கள் சபையின் விளைச்சல் பெல்ட், மணிபர்ஸ், முறுக்கு, நாலைந்து கோழி. அதில் ஒரு காரும் இருக்கட்டுமே என்று சொல்லிவைத்தேன். பண்டிகைக்கு முந்தின நாள் 'ரிப்பேர்' என்று கையை விரித்துவிட்டு, ஒரு கோழியைத் தள்ளிவிடலாம் என்பது என் திட்டம். ஆண்டவரை ஏமாற்றுகிறோமே என்று கொஞ்சம் உறுத்தியது. ஆனால் அவர் மன்னிக்கிறவர். ஏஞ்சலம்மாள் அப்படியில்லை.

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "நல்ல காரியம்" என்றாள். "மிச்ச மூடியையும் அறுங்க."

அதற்கப்புறம் எனக்கு ராஜயோகம். கேட்காமலே காப்பி வந்தது. பிஸ்கட் டின்னைத் தானே எடுத்துக் கொடுத்தாள். கார் உடம்புக்கு அது ஆச்சு. ஏரியலுக்குத் தன் குடையிலிருந்து கம்பி உருவித் தந்தாள். டயருக்குச் செருப்புப் பட்டறையிலிருந்து ரப்பர் வாங்கி வந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் காணாத மரியாதை! பொய் சொன்னவனுக்குத்தான் காலம் என்று எனக்குக் கசப்பாகவே புரிந்தது.

கார் ஓடிய நாளை மறக்க மாட்டேன். பெட்டியில் ஒரே ஒரு பட்டன். அமுக்கினால் வலது. விட்டால் நேர். மறுபடி அமுக்கினால் இடது. சால் நடையில் காரை விட்டு அமுக்கினேன். திரும்பியது! நான் சொன்னேன், அது திரும்பியது! முணுமுணுக்கவில்லை. 'ஏன்' என்று கேட்கவில்லை. 'உங்க அம்மா அன்னைக்கு என்ன சொன்னாவ தெரியுமா' என்று ஆரம்பிக்கவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உயிரே போனாலும் இதை எவனுக்கும் கொடுப்பதில்லை என்று அங்கேயே முடிவு பண்ணினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனைக்கு மட்டம் போட்டுவிட்டு மாட்டுங்கா மைதானத்தில் ஓட்டினேன். "ஆண்டவருக்குக் குடுக்கிற பொருள். சோதிக்க வேண்டாமா?" என்றேன். ஏஞ்சலம்மாள் தலையாட்டிவிட்டுத் தனியாகக் கோயிலுக்குப் போனாள். அவள் தலையாட்டினால் நான் பயந்திருக்க வேண்டும்.

பண்டிகைக்கு முந்தின நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஆரம்பித்தேன்.

"ஏஞ்சல், காரு ஓடமாட்டேங்குது."

"அப்படியா?"

"ஒரு கோழி வாங்கிக் குடுத்துருவோம்."

"போதகர் ஐயா போன வாரமே சபையில அறிவிச்சாச்சே. 'சகோதரர் தனசீலன் ரேடியோ கார் காணிக்கை'ன்னு. எல்லாரும் கை தட்டுனாவ. நீங்கதான் மைதானத்துல இருந்திய."

காரை எடுத்து இன்னொரு தடவை குலுக்கிக் காட்டினேன்.

"ஓடாட்டா என்ன? ஓடாத காரையும் ஆண்டவர் ஏத்துக்கிடுவார்" என்றாள்.

சரி போகட்டும், ஏலம்தானே? நானே எடுத்துவிட்டால்? மில்லில் போனஸ் கொடுத்திருந்தார்கள். அதை அவளுக்குச் சொல்லாமல் மில் லாக்கரில் வைத்திருந்தேன். அன்றைக்கே போய் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். அந்தத் தைரியத்தில் மறுநாள் காரைத் துடைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோனேன்.

ஏலம் விட்டவர் சபைச் செயலாளர் ஞானசேகரன். கோழி போனது. முறுக்கு போனது. கார் வந்தது. நான் கையைத் தூக்கினேன். பெண்கள் பக்கத்தில், அடுத்த கோலி ரோஸி கை தூக்கினாள். நான் ஏற்றினேன். அவளும் ஏற்றினாள். ரோஸிக்கு எதற்குக் கார்? அவளுக்கு அடுப்பு மூட்டவே மண்ணெண்ணெய் கிடையாது! நானும் விடவில்லை. போனஸ் கரைந்தது. கடைசி நோட்டு வரைக்கும் வந்த பிறகுதான் ரோஸி கையை இறக்கினாள். சொல்லிவைத்த மாதிரி.

"மூணுதரம்! தனசீலனுக்கே!" என்றார் ஞானசேகரன்.

காரை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டேன். போனால் போனஸ்தானே, இது என்னுடையது!

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஏஞ்சலம்மாள் எழுந்தாள்.

"ஐயா, ஒரு வார்த்தை. ஆண்டவருக்குக் குடுத்ததை அவுகளே வச்சுக்கிட மனசு வரல்லியாம். திரும்பவும் காணிக்கையாக் குடுக்காக."

எங்கள் ஏலத்தில் அந்த வழக்கம் உண்டு. எடுத்தவனே திருப்பிக் கொடுப்பான், இன்னொரு தடவை ஏலம் போகும். பெரிய மனசுக்காரர்கள் செய்வது.

"அல்லேலூயா!" என்றது சபை. போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் வாயைத் திறந்தேன். அத்தனை பேருக்கு முன்னால் என்னத்தைச் சொல்ல? ஞானசேகரன் வந்து காரை என் கையிலிருந்து விரல் விரலாகப் பிரித்து எடுத்தார்.

"விடும்வே, தனசீலன். ஆண்டவர் பாக்கார்."

இரண்டாம் ஏலம். ஒரு கையும் எழவில்லை. மறுபடியும் இவன் வந்து ஏற்றுவான் என்று நினைத்தார்களோ, என் பக்தியைப் பார்த்துப் பயந்தார்களோ, தெரியவில்லை. என் பையில் ரயிலுக்குக்கூடச் சில்லறை இல்லை. கடைசியில் ஒரே ஒரு கை எழுந்தது. கண்ணாடி வளையல் போட்ட கை. ஏஞ்சலம்மாள் காய்கறிக் காசுக்குக் காரை எடுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தோம். கதவைச் சாத்தியதும் வெடித்தேன்.

"என்ன நெனச்சு இதச் செஞ்ச?"

"போனஸ எனக்குச் சொல்லாம வச்சியள்லா. அது சபைக்குப் போயிட்டு. நல்லதுக்குத்தான்."

"போனஸ் உனக்கு எப்படித் தெரியும்?"

"ஞானசேகரனும் அதே மில்லுலதான வேலை பாக்கார்?"

"அப்ப காரு?"

"என் காரு. நான் ஏலத்துல எடுத்தது" என்றாள். "உக்காருங்க. பட்டன எப்படி அமுக்கணும்னு சொல்லித் தாங்க."

உட்கார்ந்தேன். சொல்லிக் கொடுத்தேன்.

இப்போது தினமும் சாயங்காலம் எங்கள் சால் நடையில் ரேஸ் கார் ஓடுகிறது. பெட்டி அவள் கையில். முகத்தைப் பார்த்தேன். சொன்னது நடக்கிற மனுஷியின் முகம். சுவரில் முட்டினால் ஓடிப்போய்த் திருப்பி வைப்பது நான். பேட்டரி இறங்கிவிட்டால் கார் அவள் பேச்சைக் கேட்பதில்லை.

நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.