மலைநாட்டுப் பத்துப் பேர்

அன்புள்ள சித்திக்கு,

வாயே திறக்காத உங்கள் அக்கா மகள் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம், என்னைத் தவிர. உங்கள் இருமல் விட்டதா?

இன்று காலை எங்கள் ஆய்வுக்கூடத்து டாக்டரம்மாவின் மேசையில் ஒரு ஜோடி கம்பளி சாக்ஸ் இருந்தது. இந்த வெயிலில் இது எதற்கு என்று பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது, உடனே உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். காரணத்தைச் சொல்கிறேன், முழுதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

நீங்கள் சொல்லி வாங்கித் தந்த ஆய்வுக்கூட வேலையில் எனக்குக் குழாய் கழுவுவதும் சீட்டு ஒட்டுவதும்தான். பல நாட்டு மனிதர்களின் எச்சில் குழாய் குழாயாக வரும். நம் தோலையும் எலும்பையும் இழுத்துப் பிடித்து வைக்கிற கொலாஜன் என்று ஒன்று உடம்புக்குள் இருக்கிறதாம். நான் அதை முகக் கிரீம் என்றுதான் நினைத்திருந்தேன். அதைச் செய்யும் ஜீனில் ஊருக்கு ஊர் ஓர் எழுத்து, இரண்டு எழுத்து மாறுமாம், எச்சிலை வைத்தே அதைப் படித்துவிடலாமாம், அதைத்தான் டாக்டரம்மா தேடுகிறார். போன மாதம் மலைநாட்டிலிருந்து வந்த பெட்டியைக் கீழே போட்டுவிட்டேன், அதில் பத்துக் குழாயின் மூடி தெறித்து உள்ளே இருந்தது தரையோடு போயிற்று. போய்ச் சொல்லியிருக்கலாம். "உள்ளேன் ஐயா" சொல்ல வெட்கப்பட்டே எட்டாம் வகுப்போடு நின்றவள் எப்படிச் சொல்வேன்? சாமான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு புதுக் குழாய் பத்திலும் நானே துப்பி, அந்தப் பத்துப் பேர் சீட்டையே ஒட்டி வைத்தேன். நான்காவதிலேயே நாக்கு வறண்டுவிட்டது, எலுமிச்சம்பழத்தை நினைத்து நினைத்து மீதியை நிரப்பினேன். யார் எச்சிலாக இருந்தால் என்ன, எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்தேன்.

ஒன்றில்லையாம். நேற்று டாக்டரம்மா தன் முட்டிவலியோடு கணினி முன்னால் துள்ளி என்னைக் கூப்பிட்டார்.

"இங்க பாரு தங்கம், பத்து பேருக்கும் ஒரே இடத்துல ஒரே எழுத்து! அங்க வேற யாருக்குமே இல்ல!"

உதவியாளர் அண்ணன், "ஒரே குடும்பமா இருக்குமோ மேடம்?" என்றார்.

"இருக்கும்யா. எவ்வளவு ஒத்துமை பாரு! பாக்காமலே இவங்கள எனக்குப் பிடிச்சுப்போச்சு. நேர்ல போய்ப் பாத்துட்டு வரப் போறேன்."

பிறகு என் பக்கம் திரும்பி, "நீ ஏன்டி திருதிருன்னு முழிக்கிற? உனக்கும் ஒரு சால்வை வாங்கிட்டு வரேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை கிளம்புகிறாராம். இரண்டு நாள் மலையேற வேண்டுமாம். கீழே விழுந்த பேனாவை எடுக்கவே என்னைக் கூப்பிடுகிறவர் சித்தி அவர்! என்னைப் பேசு பேசு என்று ஒருநாளும் சொல்லாதவர். அவர் போய், அந்த எழுத்தே இல்லாத பத்துப் பேரைத் தேடி ஊர் ஊராக அலைவார்.

ஆகையால் நீங்களே அவருக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள். நான் வேலையை விட்டுவிட்டேன் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். சித்தப்பாவுக்கு வணக்கம், பாப்பாவுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். திட்டி முடித்ததும் என்னை ஆசீர்வதிக்க மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் ஊமைக்கோட்டான்

பி.கு.: மேலே கேட்டது எதையும் செய்ய வேண்டாம் சித்தி. இதைத் தபாலில் போடக் கிளம்பினேன். மலைக்குப் பழகுவதற்காக அம்மா மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். ஐந்தாம் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அம்மா, அந்தப் பத்துப் பேரும் நான்தான்" என்றேன்.