உரிய ஆயத்தத்துடன் வரவும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு மருத்துவமனை. பேர் வேண்டாம், நாளைக்கு நாமும் அங்கேதான் நம்பர் எடுக்கணும். வயிற்று வலிக்கு ஸ்கேன் எடுக்க இணையத்தில் பதிந்துவிட்டு, பழைய ரப்பர் தோட்டத்து அந்தோணிமுத்து மாசக்கணக்கில் காத்திருந்த பாடு ஆண்டவருக்கே வெளிச்சம். வலி வந்தால் மனுசன் சுருண்டுவிடுவார். கடைசியில் தேதியோடு கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது: 'பெருமதிப்பிற்குரிய வாடிக்கையாளரே! தெளிவே எங்கள் உயிர்மூச்சு. உரிய ஆயத்தத்துடன் வரவும்.'

என்ன ஆயத்தம்? அதைச் சொன்னால் உயிர்மூச்சு நின்றுவிடுமோ என்னமோ! அவரும் முடி வெட்டி, கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்து, அடையாள அட்டையான ஐசியைப் போட்டோஸ்டேட் எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடித்தார். வலிக்குப் பயந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கவில்லை. தெரியாமல் செய்த அதுதான் சரியான ஆயத்தம்.

கவுண்டரில் ஷர்மினி சிரித்த முகமாய்க் கேட்டாள். "அங்கிள், சாப்டாச்சா?"

அடடா, கவர்மெண்டு ஆபீசில் இப்படி ஒரு விசாரிப்பா! இதற்கு இல்லை என்று நம்ம ஆள் எவன் சொல்லியிருக்கிறான்?

"ஆச்சும்மா. நீ சாப்டியா?"

"அப்போ ஸ்கேன் இல்ல அங்கிள். வெறும் வயித்தோடல்ல வரணும்!"

"ஐயோ, மரியாதைக்குச் சொன்னேன்லா! காலையிலேர்ந்து ஒண்ணுமே சாப்பிடலம்மா!"

"சாப்பிட்டாச்சுன்னு சிஸ்டத்துல ஏத்திட்டேனே. மாத்த முடியாது."

ஆக, பட்டினி கிடந்த அந்தோணிமுத்து அரசாங்கப் பதிவின்படி வயிறார உண்டவர் ஆனார். அடுத்த தேதிக்கு மூணு மாசம். வாசலில் ஒரு திரை கேட்டது: 'எங்கள் தகவல் தெளிவாக இருந்ததா?' அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் ஷர்மினி பார்த்துக்கொண்டிருக்கிறாளே, பாவம், பொண்ணு மனசு நோகலாமா? திரையிலிருந்த பெரிய சிரிப்பு முகத்தை அமுக்கிவிட்டுப் போனார்.

மூணு மாசமும் வலியோடு ஓட்டிவிட்டு மறுபடி வந்தார். இந்தத் தடவை ஆள் உஷார்.

"அங்கிள், சாப்டாச்சா?"

"இல்ல! மாதாமேல சத்தியமா இல்ல! எச்சில்கூட முழுங்கல!"

"நல்லதாப் போச்சு, வாங்க!" அவர் கையில் ஒரு நாசி லெமாக், அதான் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தை வைத்தாள். "தெளிவான தகவலுக்கு நமக்கு விருது கெடைச்சிருக்கு. இன்னைக்கு விருந்து, ஸ்கேன் கிடையாது. எல்லாம் நீங்க அமுக்குன சிரிப்பு முகந்தான் அங்கிள். ஒருத்தர்கூட குறை சொல்லலையே!"

சுற்றிப் பார்த்தார். வெறும் வயிற்றோடு ஸ்கேனுக்கு வந்த அத்தனை பேரும் வரிசையாய் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவரும் உட்கார்ந்தார். ரெண்டு வாய் உள்ளே போனதும் வலி சுண்டி இழுத்தது.

"எப்படி அங்கிள், நல்லாருக்கா?"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"ரொம்ப நல்லாருக்கும்மா."