ஊசிக்கு முன் ஒரு வரவேற்புரை

மன்னார்த் தீவுக்குப் பூநாரை பார்க்க வருகிறவர்கள் உண்டு, பானை வயிற்றுப் பெருக்கமரத்தைப் படம் பிடிக்க வருகிறவர்கள் உண்டு, சண்டைக்கு நடுவிலும் எங்கள் கழுதைகளின் சுகதுக்கம் விசாரிக்க வந்த ஒரு வெள்ளைக்காரரை எனக்கே தெரியும். ஆனால் இந்தக் கரையெங்கும் செழித்துப் பெருகிய இன்னோர் உயிரினத்தை இதுவரை யாரும் ஆராயவில்லை. அதன் பெயர் இணைப்பாளர்.

நீங்கள் பார்த்திருப்பீர்கள். மடிப்புக் குலையாத சேர்ட், பையில் பல நிறப் பேனாக்கள், கக்கத்தில் சுருட்டிய பதாகை, முகத்தில் எதையும் இன்னும் தொடங்காத மனிதனுடைய நிம்மதி. 'தலைமைத்துவம்' என்று சொல்லும்போது தன் நெஞ்சைத் தொடுவார். 'கூட்டுச் செயற்பாடு' என்று சொல்லும்போது பக்கத்தில் நிற்பவரின் நெஞ்சைத் தொடுவார். வீடு எரிகிறது என்று ஓடிப்போய்ச் சொன்னால், கிணறு வைத்திருப்பவர்களையும் வாளி வைத்திருப்பவர்களையும் வீட்டுக்காரரையும் ஒரே மேசைக்கு அழைப்பார். நெருப்புக்கு ஒரு முகவரி இருந்தால் அதையும் அழைத்திருப்பார்.

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி எங்கள் அமிர்தநாயகம். ஏதோ ஒரு கந்தோரில் நெடுங்காலம் கதிரை தேய்த்து ஓய்வுபெற்றவர். மனநலம் குன்றியோருக்கும் கற்றல் குறைபாடு உள்ளோருக்குமான சேவைகளை மேம்படுத்தும் கூட்டிணைப்பு மன்றம் என்று ஒன்றைத் தொடங்கி, அதற்குத் தானே தலைவராகி, தலைவர் என்ற முறையில் தன்னையே இணைப்பாளராக நியமித்து, தலைவருக்கும் இணைப்பாளருக்கும் இடையில் நல்ல புரிந்துணர்வு நிலவுவதாக முதற் கூட்டத்திலேயே அறிவித்தவர்.

அது சமாதானப் பேச்சு முறிந்து, பாதைகள் மறுபடியும் பூட்டப்படத் தொடங்கிய காலம். தீவையும் பெருநிலத்தையும் சேர்க்கும் பாலத்தில் ஒருநாள் பஸ் ஓடும், மறுநாள் ஓடாது. ஓடினாலும் ஆமியின் சோதனைச் சென்றியில் இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்துபோய் மறுபடி ஏற வேண்டும். பின்நேரம் சரிந்தால் பூட்டு. அந்தப் பாதையால் மாதம் ஒருமுறை மனநல டொக்டர் வஸீர் தட்டுத்தடுமாறி வந்து, பட்டினத்துக்கு வெளியே ஒரு பொதுமண்டபத்தில் கிளினிக் வைப்பார். பேய் என்று சொல்லிக் கட்டிவைக்கப்பட்டிருந்தவர்கள், மகன் காணாமற்போன நாளிலிருந்து அடுப்பு மூட்டாதவர்கள், வளர்ந்தும் பேச்சு வராத பிள்ளைகளைப் பெற்றவர்கள் எல்லாரும் அந்த ஒரு நாளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அமிர்தநாயகமும் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தது மட்டுமல்ல, யோசித்தார். டொக்டர் வருகிற ஒரே நாள் அது, ஆகவே கூட்டத்தை அன்றைக்கே வைக்க வேண்டும். வசதியான மண்டபம் அது ஒன்றுதான், ஆகவே அங்கேயே வைக்க வேண்டும். நோயாளிகள் எப்படியும் வருவார்கள், ஆகவே அவர்களையும் பங்குபற்றுநர்கள் ஆக்கிவிடலாம். டொக்டர், மண்டபம், நோயாளி எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே கூரையின் கீழ்! இதைவிட ஒருங்கிணைப்பு உலகத்தில் உண்டா?

ஒரேயொரு சின்னக் குறை. கிளினிக் நடத்த இடமில்லை.

அன்றைக்குப் பெருநிலத்து நானாட்டான் பக்கமிருந்து செல்லாயி தன் புருஷன் பெரியசாமியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டை விட்டு வந்து, இங்கே வயல்களில் கூலிவேலை செய்து காலூன்றிய குடும்பம். பெரியசாமிக்குக் காதில் குரல்கள் கேட்கும். மாதம் ஓர் ஊசி போட்டால் குரல்கள் அடங்கும், மனிதர் வரப்பு வெட்டுவார், சிரிப்பார், சாப்பிடுவார். போன மாதம் பாதை பூட்டியதால் ஊசி தவறிப்போயிற்று. இப்போது அவர் தூங்குவதில்லை. பெரிய சத்தம் கேட்டால் எழும்பி ஓடத் தொடங்கிவிடுவார். அந்த நாட்களில் சென்றிப் பக்கமாக ஓடிவருகிற மனிதனிடம் ஏன் ஓடுகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. செல்லாயிக்கு அது தெரியும். அதனால்தான் வழி முழுக்க அவருடைய கையைத் தன் கக்கத்துக்குள் இறுக்கிக்கொண்டு வந்தாள். சென்றியில் மரியாதையாக விடுவார்கள் என்று அவருக்குக் கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டு விட்டிருந்தாள்.

அந்தச் சட்டைதான் வினை. வாசலில் நின்ற அமிர்தநாயகம் சட்டையைக் கண்டார், முகம் மலர்ந்தார், 'பங்குபற்றுநர்' என்ற அட்டையைப் பெரியசாமியின் நெஞ்சில் குத்தினார்.

"ஐயா, ஊசி போட்டாங்கன்னா போயிருவோங்க. சென்றி பூட்டுறதுக்கு முன்ன பாலத்தத் தாண்டணும்."

"ஊசி எங்கயும் போகாது தங்கச்சி. முதல்ல வரவேற்புரை."

"ஊசி போகாதுங்க. இவரு ஓடிருவாரு."

"அந்த உற்சாகத்தைத்தானே நாங்கள் எதிர்பார்க்கிறம்! உள்ள வாங்கோ, முன் வரிசையில இருங்கோ."

மருந்து எங்கே இருந்தது என்றா கேட்கிறீர்கள்? மேடைக்குப் பின்னால் ஓர் அலுமாரியில். அலுமாரியை மூடி, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும், ஆணி அடித்து இறுக்கிய பதாகை. அதில் கொட்டை எழுத்தில் 'தடையின்றி அனைவருக்கும் மருந்து'.

டொக்டர் வஸீர் இளம் மனிதர், பொறுமைசாலி. "பெனரைக் கொஞ்சம் கழட்டினா அலுமாரியைத் திறக்கலாம்" என்று மெதுவாகச் சொன்னார்.

"டொக்டர், பதாகையைக் கழட்டினால் கூட்டம் என்னத்தைப் பற்றினது எண்டு சனத்துக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டு, அவரை மேடையில், பேச வந்த நிபுணருக்குரிய 'வளவாளர்' என்ற அட்டைக்குப் பின்னால் இருத்தினார் அமிர்தநாயகம்.

மாலை போடப் பெற்றிசியா வந்தாள். கரையோரத்து மீன்பிடிக் குடும்பம். அவளுக்கு முப்பது வயதிருக்கும். பள்ளிக்கூடத்தில் எழுத்து ஏறவில்லை. ஆனால் ஒன்றைச் செய் என்று சொன்னால், நிறுத்து என்று சொல்லும்வரை செய்துகொண்டே இருப்பாள். மகளுக்கு ஏதாவது ஒரு தொழில் பழக்கிவிடுங்கள் என்று அவளுடைய தாய் மதலேனா மன்றத்திடம் எத்தனையோ தடவை கேட்டிருந்தாள். மன்றம் ஆழமாக ஆலோசித்து, வருகிற விருந்தினருக்கெல்லாம் மாலை போடும் பொறுப்பைப் பெற்றிசியாவிடம் ஒப்படைத்தது.

"தையல், கியல் எண்டு ஏதும் பழக்குவீங்கள் எண்டெல்லோ கேட்டனான்" என்றாள் மதலேனா.

"மாலை போடுறதும் ஒரு தொழில்தான் அக்கா. அதுவும் தலைமைத்துவத்துக்கு மிகக் கிட்டவான தொழில்."

விளக்கேற்றினார்கள். மௌனம் காத்தார்கள். வரவேற்புரை நடந்தது. வரவேற்புரைக்கு நன்றியுரை நடந்தது. தலைமையுரையில் அமிர்தநாயகம், தலைமை என்பது கதிரையில் இருப்பதல்ல என்பதைக் கதிரையிலிருந்து எழும்பாமலே விளக்கினார். 'ஒருங்கிணைப்பு இல்லாத ஊசி வெறும் குத்து' என்ற அவருடைய வசனத்துக்கு, அழைப்பில் வந்திருந்த உத்தியோகத்தர்களும் தொண்டு நிறுவனத்தாரும் கைதட்டினார்கள். பிறகு எல்லாரையும் வட்டம் வட்டமாகப் பிரித்து, சேவைகள் மக்களைச் சென்றடையத் தடையாயிருப்பது எது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். செல்லாயி எழும்பி, "இந்தக் கூட்டந்தாங்க" என்றாள். எழுதிக்கொண்டிருந்தவர் அதைப் 'போதிய கூட்டங்கள் இன்மை' என்று எழுதிக்கொண்டார்.

வெயில் சரியத் தொடங்கியது. பெரியசாமி உதடு அசைத்து யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். செல்லாயி யன்னலைப் பார்ப்பதும் அவரைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

"இப்ப ஒரு பயிற்சி!" என்றார் அமிர்தநாயகம். "எல்லாரும் கைகோர்த்து ஒரு சங்கிலியா நில்லுங்கோ. இதுதான் கூட்டுச் செயற்பாடு. என்ன நடந்தாலும் நான் சொல்லும்வரை ஒருவரும் கையை விடக்கூடாது."

மண்டபம் முழுக்கக் கைகோர்த்தது. செல்லாயியைப் பெண்கள் பக்கம் தள்ளிவிட்டார்கள். பெரியசாமியின் கையைப் பெற்றிசியா பிடித்தாள்.

அப்போதுதான் முதலாவது ஷெல் விழுந்தது.

பாலத்துப் பக்கம் எங்கேயோதான். ஆனால் கூரையோடு எங்கள் பல்லும் ஆடியது. அடுத்தது இன்னும் கிட்ட. ஒருங்கிணைப்புச் சங்கிலி ஒரே நொடியில் ஒருங்கிணையாமற்போயிற்று. உத்தியோகத்தர்கள் மேசைகளுக்குக் கீழே போனார்கள், தொண்டு நிறுவனத்தார் உத்தியோகத்தர்களுக்குக் கீழே போனார்கள், அமிர்தநாயகம் ஒலிவாங்கியோடு மேடைக்குக் கீழே போய், "பதற்றப்படாதேங்கோ, இது நிகழ்ச்சிநிரலில இல்லை" என்று அறிவித்துக்கொண்டிருந்தார்.

மண்டபத்தின் நடுவில் இருவர் மட்டும் நின்றார்கள். பெரியசாமி கண் வெருண்டு வாசலை நோக்கி இழுத்தார். வாசலுக்கு வெளியே தெரு, தெருவின் முடிவில் துவக்கு நீட்டிய ஆமி. பெற்றிசியா கையை விடவில்லை. அவர் இழுத்தார், அவள் சறுக்கினாள், விடவில்லை.

"விடு, என்னய விடு!"

"ஐயா இன்னும் விடச் சொல்லேல்ல" என்றாள் பெற்றிசியா.

அதற்குள் செல்லாயி தவழ்ந்து வந்து இரண்டு பேரையும் காலைப் பிடித்து நிலத்தில் சாய்த்தாள். மதலேனா வந்து மூவர் மேலும் தன் உடம்பைப் போட்டாள். மேடையில் குப்புறக் கிடந்த டொக்டர் வஸீர் தலையைத் தூக்கிப் பார்த்தார். விருந்தினர் கதிரைகள் எல்லாம் காலி. அவரைத் தடுப்பதற்கு எழுந்து நிற்கிற நிலையில் ஒருவரும் இல்லை. எழுந்து பதாகையின் ஒரு முனையைப் பிய்த்து, அலுமாரியைத் திறந்து, மருந்தையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு முழங்காலில் வந்தார். மூன்றாவது ஷெல்லுக்கும் நான்காவதுக்கும் இடையில், தலைமை மேசைக்குக் கீழே இழுத்துக் கொண்டுவந்த பெரியசாமிக்கு ஊசி போடப்பட்டது. அவருடைய ஒரு கை செல்லாயியிடம், மறு கை இன்னும் பெற்றிசியாவிடம்.

சத்தம் ஓய்ந்தது. அமிர்தநாயகம் சேர்ட்டைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தார், வெற்று ஊசியைக் கண்டார், அதிர்ந்தார்.

"டொக்டர், என்ன இது? கூட்டம் முடியேல்ல, அதுக்குள்ள சேவையைத் தொடங்கிட்டீங்களே! ஆரின்ர தலைமையில?"

பிறகு ஒரு நொடி யோசித்தார். கண் பளிச்சிட்டது. "இதைத்தானே கூட்டுச் செயற்பாடு எண்டு சொன்னனான்! படம் எடுக்கோணும். டொக்டர், இன்னொருக்காக் குத்துங்கோ."

"இன்னொருக்காப் போட்டா மனுஷன் அடுத்த போகத்துக்குத்தான் எந்திரிப்பாரு" என்றாள் செல்லாயி. புருஷனின் நெஞ்சிலிருந்த அட்டையைப் பிடுங்கி அமிர்தநாயகத்தின் கையில் வைத்தாள். வைத்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

சென்றி பூட்டியாயிற்று. நானாட்டானுக்கு வழியில்லை.

"எங்கட வீட்ட வாங்கோ" என்றாள் மதலேனா. "திருக்கைக் கறி கிடக்குது. பாதை திறந்தாப் போகலாம்." பெற்றிசியாவிடம் திரும்பி, "இப்ப விடலாம் பிள்ளை" என்றாள். பெற்றிசியா அமிர்தநாயகத்தைப் பார்த்தாள். அவர் சரி என்று தலையை ஆட்டினார். அவள் கையை விட்டாள்.

பாதை திறக்கும்வரை அந்த விருந்தாளிகள் மதலேனா வீட்டில் தங்கினார்கள். டொக்டரும் தங்க வழியில்லாமல் அங்கேதான் வந்து சேர்ந்தார். சும்மா இருக்கிற டொக்டரைக் கண்டு அக்கம்பக்கத்துச் சனம் வந்தது. மதலேனா சொன்னாள்: "டொக்டர், எங்கட வளவில பூவரச நிழல் இருக்கு. நாலு கதிரை இருக்கு. மைக் இல்லை."

அடுத்த மாதத்திலிருந்து டொக்டர் வஸீர் கூட்டத்துக்கு வருவார், மாலை வாங்குவார், வரவேற்புரையின்போது வெளியே போவார், நன்றியுரைக்குத் திரும்பி வருவார். இடையில் மதலேனா வளவில் கிளினிக் நடக்கும். வந்தவர்களை இருத்துவதும் முறைப்படி உள்ளே விடுவதும் பெற்றிசியாவின் வேலை. யார் அவசரப்பட்டாலும், யார் அதட்டினாலும், அவளிடம் முறை மாறாது. பெரியசாமி மறுபடி வரப்பு வெட்டினார். டொக்டர் காணாமற்போவதை மட்டும் அமிர்தநாயகம் கவனிக்கவேயில்லை. மேசையில் 'வளவாளர்' அட்டை இருந்ததே, அது போதாதா?

நாட்டு நிலைமை மோசமாகிக்கொண்டு போனது. உத்தியோகத்தர் வரவு குறைந்தது, கூட்டத்தில் கொடுக்கும் பற்றிஸும் பால்தேத்தண்ணியும் நின்றன, அவற்றோடு மிச்சப்பேர் வருவதும் நின்றது. ஒருநாள் டொக்டரும் நழுவிய பிறகு, மண்டபத்தில் அமிர்தநாயகமும் ஒலிவாங்கியும் மட்டும். தனக்குத் தானே வரவேற்புரை சொல்லிப் பார்த்தாராம். பாதியில் முடியாமல், தெருவில் இறங்கி நடந்து, சனம் கூடியிருக்கிற வளவைக் கண்டு, ஆவலோடு உள்ளே வந்தார்.

"இருங்கோ ஐயா. உங்கட முறை வரும்" என்றாள் பெற்றிசியா.

தான் யார் என்று விளக்க அவர் வாய் திறந்தார். அவள் கதிரையைக் காட்டினாள். இருந்தார். முறையும் வந்தது.

"என்ன செய்யுது?" என்று கேட்டார் டொக்டர், எல்லாரிடமும் கேட்பதுபோல.

அமிர்தநாயகம் தொண்டையைச் செருமினார். அவையோரே என்றுதான் தொடங்குவார் என்று நாங்கள் நினைத்தோம்.

"நித்திரை வாறேல்லை டொக்டர். மனிசியும் பிள்ளைகளும் வள்ளத்தில இந்தியாவுக்குப் போயிட்டினம். வீட்டில ஒரு சத்தமும் இல்லை. கூட்டம் எண்டால்... நாலு பேர் இருப்பினம்."

 டொக்டர் அவர் சொல்லி முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். வரிசையும் காத்திருந்தது.

திருந்திவிட்டாரா என்று கேட்பீர்கள். இதென்ன கேள்வி? மாத்திரையை வாங்கிக்கொண்டு எழும்பிய கையோடு, "இந்த நல்ல முயற்சிக்கு ஒரு வழிநடத்தற் குழு" என்று தொடங்கினார். மழை தூறியது. மதலேனா சனத்துக்கு மேலே விரித்த தறப்பாளின் கயிற்று முனைகள் இரண்டையும் அவர் கையில் கொடுத்து, "இறுக்கிப் பிடியுங்கோ, சனம் நனையுது" என்றாள். இரண்டு கையிலும் கயிறு. கை ஆட்ட முடியாததால் பேச்சு நின்றுவிட்டது. மழை விடும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.

இனி உங்கள் விஷயம். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, மகனுக்கு மனம் சரியில்லை, டொக்டரிடம் கூட்டிப்போகத் துணைக்கு ஒரு ஆள் வேண்டும் என்று சொன்னபோது, "இதைப் பற்றி ஒருநாள் எல்லாரும் இருந்து கதைப்பம்" என்று சொன்னீர்களா? சொல்லும்போது மனதுக்குள் ஒரு சின்னத் திருப்தியும் வந்ததா? வந்திருந்தால் பயப்படாதீர்கள். நீங்கள் தனியாள் இல்லை, உங்களைப் போல ஊருக்கு ஊர் ஆட்கள் இருக்கிறார்கள்.

தயவுசெய்து அவர்களை ஒன்றுகூட்ட மட்டும் முயற்சிக்காதீர்கள்.