பார்சல் அண்ணையின் ஐந்தாவது கடிதம்

பிறக்காத பிள்ளைக்குக் கடிதம் எழுதிவிட்டு, பதில் வரவில்லையே என்று கோபித்துக்கொண்ட மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் கந்தோரில் இருந்தார். மிச்ச உலகம் தப்பித்துக்கொண்டது.

அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வீட்டுக்காரியே கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்லுவா. ஊருக்கு அவர் பார்சல் அண்ணை. சாவகச்சேரியில் ஒரு கூட்டுறவுச் சங்கக் கந்தோரில் நான் எழுதுவினைஞர், அவர் பண்டகசாலைப் பொறுப்பாளர். எதையும் கடதாசியில் சுற்றிச் சணல்கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டினாரென்றால், பல்லால் கடித்தாலும் முடிச்சு அவிழாது. எங்கள் தலைவர் ஒருநாள் தன் மதியச் சாப்பாட்டை மழையில் நனையாமல் கட்டித் தரச் சொல்லிவிட்டு, பின்னேரம் நாலு மணிவரை பட்டினி கிடந்தார்.

சண்டையால் கொழும்புப் பாதை பூட்டிக் கிடந்த காலம் அது. சவர்க்காரம், பவுடர், பால்மா, பிள்ளைத்துணி, எதற்கும் தட்டுப்பாடு. பிள்ளை பிறந்த பிறகு தேடலாம் என்றிருந்தால், சாமான் கிடைப்பதற்குள் பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும். ஆனால் எங்கள் பெண்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. பிறக்க முந்திப் பிள்ளைக்கென்று ஒரு துண்டுத் துணியும் வீட்டுக்குள் வரக்கூடாது, கண்ணூறு பட்டுவிடும். கந்தோரில் யாராவது முழுகாமல் இருந்தால், அல்லது யாருடைய மனைவியாவது முழுகாமல் இருந்தால், நாங்கள் எல்லாரும் சேர்ந்து ஏதாவது கொடுக்க நினைப்போம். எப்போது கொடுப்பது என்பதுதான் சிக்கல்.

பார்சல் அண்ணை அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஏழாம் மாதத்தில் எல்லாச் சாமானையும் ஒரு பார்சலாகக் கட்டிக் கொடுப்பது. பிள்ளை பிறக்கும்வரை அது அலுமாரிக்கு மேலே இருக்கவேண்டும், பிரிக்கக்கூடாது.

"கட்டினபடி இருந்தால் உது சாமான் இல்லை, பார்சல்" என்பது அவருடைய தீர்ப்பு. "கண்ணூறு என்ன, என்ரை முடிச்சை அவிழ்த்துக்கொண்டு உள்ளுக்கை போகுமோ?"

பெண்களுக்கு அந்த நியாயம் பிடித்துப்போனது. அன்றிலிருந்து அதுவே கந்தோர் வழக்கம். பார்சலைப் பிரிக்க முடியாது என்பதால், மேலே செருகியிருக்கும் கடிதம் ஒன்றைத்தான் பிள்ளைத்தாச்சி வாசிக்கலாம். அந்தக் கடிதத்தை எழுதுகிற வேலையையும் பார்சல் அண்ணை தானே எடுத்துக்கொண்டார். யாரும் கொடுக்கவில்லை.

நான் ஒருமுறை உதவி செய்யப் போனேன். "சுகப்பிரசவம் காண வாழ்த்துகிறோம்" என்று வடிவாக எழுதிக் கொடுத்தேன். மனுஷன் அதைக் கையில் பிடித்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, இதை ஆர் பெத்தாலும் எழுதலாமெல்லோ?"

"ஓம் அண்ணை."

"ஆருக்கும் எழுதக்கூடியதை ஏன் இவவுக்கு எழுதுவான்?"

கடதாசியைத் திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில் தானே எழுதத் தொடங்கினார். கடதாசிக்கும் தட்டுப்பாடுதானே.

தட்டெழுத்துக்காரியின் வயிற்றுப் பிள்ளைக்குத்தான் அந்தப் பிரசித்தமான கடிதம். "நான் எழுதுவது விளங்கினால் இரண்டு தரம் உதைக்கவும்" என்று கேட்டிருந்தார். அவ வயிற்றுக்கு நேரே பிடித்துச் சத்தமாக வாசித்தா. பிள்ளை அசையவில்லை. "பெரியாக்களுக்கு மரியாதை தெரியாத பிள்ளை" என்று சொல்லி இரண்டு கிழமை தட்டெழுத்து மேசைப் பக்கமே போகாமல் இருந்தார்.

தலைவருடைய மகளுக்கு எழுதினது இன்னொரு வகை. "உம்முடைய கெட்டித்தனமும் உம்முடைய அம்மாவின் பொறுமையும் பிள்ளைக்கு வரட்டும். அம்மப்பாவின் மூக்கு மட்டும் வராமல் இருக்கவேணும். மூக்கு விஷயமானபடியால் பிள்ளையாரிடமே நேரில் சொல்லியிருக்கிறேன்." கடிதம் தலைவர் கைக்குப் போனது. கந்தோர் முழுக்க மூச்சு விடாமல் காத்திருந்தோம்.

"என்ன காணும் உது?" என்றார் தலைவர்.

"பொய்யே எழுதினனான், ஐயா?"

தலைவர் தன் மூக்கை ஒருதரம் தடவிப் பார்த்தார். "சரி, போம்" என்றார். பிள்ளை பிறந்தது, மூக்கும் வந்தது.

எல்லாக் கடிதமும் அப்படித் தப்பவில்லை. ஒருமுறை எழுதத் தாளே கிடைக்காமல் நாட்காட்டியில் ஒரு தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் மனமுருகி எழுதிவிட்டார். அந்தப் பெண்ணின் மாமியார் தாளைத் திருப்பினா. முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'மரணயோகம்' என்று இருந்தது. அந்த அம்மா உலக்கையோடு கந்தோருக்கு வந்தா. பார்சல் அண்ணை அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். அவ போகும்வரை வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு எந்தத் தாளையும் இரண்டு பக்கமும் வாசித்து, நல்ல நாள்தானா என்று கேட்டுத்தான் எடுப்பார்.

எங்கள் லொறிச் சாரதி குருநகர்க் கடற்கரைக்காரன், வேதக்காரன். அவன் மனைவிக்கு எழுதுவதற்காக இந்தச் சைவப்பழம் வேதக் கோயில் வாசலில் போய் நின்று, பிள்ளைப்பெறுவுக்கு எந்தப் புனிதரைப் பிடிக்கவேண்டும் என்று கன்னியாஸ்திரியிடம் விசாரித்திருக்கிறது. அந்தோனியார் தொலைந்த சாமான்தான் தேடித் தருவார், இது தொலைந்த சாமான் இல்லை, மாதாவிடம் போங்கள் என்று அந்தக் கன்னியாஸ்திரி சொன்னாராம். அதையும் விடாமல் கடிதத்தில் எழுதி, "மாதாவுக்கு என்னைத் தெரியாது, உம்முடைய பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்" என்று முடித்திருந்தார். சாரதி அதை வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டான்.

இனி என்னுடைய கதைக்கு வருகிறேன். சிரிப்பை இங்கே கொஞ்சம் நிறுத்தத்தான் வேண்டும்.

என் மனைவி வசந்திக்கு முதல் பிள்ளை ஆறாம் மாதத்தில் இல்லாமல் போனது. இரண்டாவது, பார்சல் அலுமாரிக்கு மேலே இருக்கும்போதே போனது. அந்தப் பார்சலைப் பிரிக்காமலே நான் கந்தோருக்குத் திருப்பிக் கொண்டுபோனேன். பார்சல் அண்ணை வாங்கி உள்ளே வைத்தார். மூன்றாம் தரம் வசந்தி முழுகாமல் இருந்தபோது புத்தூரில் தாய் வீட்டில் இருந்தாள், நானும் அங்கேயிருந்துதான் கந்தோருக்குப் போய்வந்தேன். ஏழாம் மாதம் தொடங்கிய அன்றே என்னிடம் சொல்லிவிட்டாள்.

"இந்த வீட்டுக்கை பார்சலும் வேண்டாம், கடிதமும் வேண்டாம். உங்கடை கந்தோர் அண்ணையிட்டைச் சொல்லிப்போடுங்கோ."

சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அடுத்தநாள் கடிதத்தை என் சட்டைப் பைக்குள் செருகிவிட்டார்.

"பார்சல் வேண்டாமெண்டால் சரி. கடிதம் குடுக்காமல் விடமாட்டன். உன்ரை மனுசி மட்டும் ஒரு வார்த்தை இல்லாமல் கிடக்கிறதோ?"

முதலாவது கடிதத்தில், இந்த முறை எல்லாம் நல்லபடி நடக்கும் என்று இருந்தது. வசந்தி வாசித்துவிட்டு நீட்டினாள். "உவருக்கு எப்பிடித் தெரியும்? கேட்டுக்கொண்டு வாங்கோ."

போய்ச் சொன்னேன். பார்சல் அண்ணை தாடையைத் தடவினார். "அவ சொல்லுறது சரி. எனக்குத் தெரியாதுதான்."

இரண்டாவதில் கடவுள் கைவிடமாட்டார் என்று எழுதியிருந்தார். "ரெண்டு தரம் விட்டவரெல்லோ" என்று அதுவும் திரும்பியது. மூன்றாவது முழுக்க என்னைப் பற்றிய பகிடி. நான் கணக்குப் புத்தகத்துக்கு மேலே நித்திரை கொள்வது, குறட்டையில் தாள் பறப்பது எல்லாம். அது அநியாயப் பொய், ஒருநாள்தான் நித்திரை கொண்டேன். வசந்தி சிரிக்கவில்லை. நாலாவதை விரித்தால் வெறும் தாள், ஒரு எழுத்தும் இல்லை. அதையும் திருப்பித் தந்து, "வெறுந்தாளை ஏன் வீணாக்கிறார்? கடதாசி கிடைக்காத நேரம்" என்றாள். அந்த ஒரு வசனத்தில் பழைய வசந்தியின் குரல் கொஞ்சம் கேட்டது. நான் அதைக் கந்தோரில் போய்ச் சொன்னதுதான் பிழை. பார்சல் அண்ணை துள்ளி எழும்பினார்.

"கதைக்கத் தொடங்கீட்டா! நான் நேரை வாறன்."

"அண்ணை, வேண்டாம். அவ கத்துவா."

"கத்தட்டும். கத்தினால் என்ன எழுதவேணுமெண்டு எனக்கு விளங்கும்."

சாவகச்சேரியிலிருந்து புத்தூருக்கு எதிர்காற்றில் சைக்கிள் மிதித்து வந்தார். டயரை மூன்று இடத்தில் சணலால் கட்டியிருந்தார். வேலிப் படலைக்கு வெளியே நின்று மணி அடித்தார். வசந்தி கிணற்றடியிலிருந்து என் செருப்பைப் போட்டு இழுத்துக்கொண்டு மெதுவாக வந்தாள்.

"தங்கச்சி, நான் உள்ளுக்கை வரேல்லை. ஒண்டே ஒண்டு கேட்டுட்டுப் போறன். நாலு கடிதம் எழுதினனான், நாலும் பிழைச்சுப்போச்சு. எதிலை பிழை?"

இவள் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாம் பிள்ளைக்குத்தானே, அண்ணை? வாறவை போறவை எல்லாரும் என்ரை வயித்தைப் பாத்துத்தான் கதைக்கினம். அம்மாவும் அப்பிடித்தான். இந்தா நிக்கிறாரே, இவரும் அப்பிடித்தான். ரெண்டு தரம் பிள்ளை போச்செண்டு எல்லாரும் அழுதவை. நான் ஒருத்தி மிஞ்சிக் கிடக்கிறன் எண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை."

நான் நின்ற இடத்திலேயே கூனிப்போனேன். அவள் சொன்னது அவ்வளவும் உண்மை. காலையில் எழும்பியதும் "உதைச்சுதோ?" என்று கேட்பேன். அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டதாக நினைவே இல்லை.

 வசந்தியின் அம்மா, என் மாமி, ஊற்றி வைத்த தேத்தண்ணியைப் பார்சல் அண்ணை குடிக்கவில்லை. வசந்தி செருப்பை அங்கேயே கழற்றிவிட்டு உள்ளே போனபிறகு படலையடி மணலில் குந்தி, மடியிலிருந்து ஒரு துண்டுச் சணலை எடுத்து, அவள் வெறுங்காலோடு வைத்த ஓர் அடியின் மேலே நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணை செய்யிறியள்?"

"நீ உன்ரை வேலையைப் பார்."

ஆளுக்கு விசர் முற்றிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அடுத்த கிழமை என்னிடம் ஒரு சின்னப் பார்சலைத் தந்தார். வீட்டில் மாமி அதைக் கண்டதும் "ஐயோ, அலுமாரிக்கு மேலை வை, பிரிச்சுப்போடாதை!" என்று கத்தினா. வசந்தி மேலே இருந்த கடிதத்தை இழுத்தாள். ஐந்தாவது கடிதம்.

"தங்கச்சிக்கு. இதை உடனே பிரிக்கவும். முடிச்சை ஒரு பக்கம் இழுத்தால் அவிழும். உள்ளே இருப்பது பிள்ளைக்கு அல்ல, உமக்கு. உம்முடைய கால் வீங்கியிருக்கிறது. உம்முடைய மனுசன்ரை செருப்போடு கிணற்றடிக்குப் போகவேண்டாம், வழுக்கும். பிள்ளை வந்தாலும் வராவிட்டாலும் நீர் எங்களுக்கு வேணும்."

"வராட்டிலுமோ? என்ன கண்டறியாத எழுத்து இது! கிழிச்செறி!" என்று மாமி பாய்ந்தா.

வசந்தி கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப வாசித்தாள். பிறகு நிலத்திலேயே குந்தி அழத் தொடங்கினாள். இரண்டாவது பிள்ளை போனபோதுகூட அவள் அழவில்லை. அப்போது சேர்த்து வைத்ததெல்லாம் அன்றைக்குத்தான் வந்தது. மாமியும் பக்கத்தில் குந்தினா. பார்சலுக்குள் ஒரு சோடி இறப்பர்ச் செருப்பு. இடது நீலம், வலது பச்சை. அந்தக் காலத்தில் அவ்வளவுதான் கிடைத்திருக்கும். அளவு மட்டும் அச்சொட்டு. கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைப் போட்டு முற்றத்தில் இரண்டு தரம் நடந்து பார்த்தாள்.

அந்த இரண்டு மாதமும் எப்படிப் போனது என்று எழுத எனக்குத் தெம்பில்லை. பெண் பிள்ளை பிறந்தது. அழுதது, பால் குடித்தது, இருந்தது.

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்த அன்று வீடு முழுக்கச் சனம். எல்லாரும் பிள்ளையைச் சுற்றி நின்று யாரைப் போல இருக்கிறது என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். பார்சல் அண்ணை பெரிய பார்சலோடு வந்தார். மேலே கடிதம் இல்லை. "எழுதேல்லையோ அண்ணை?" என்று கேட்டேன். "நேரை சொல்ல வந்தனான்" என்றார்.

ஆட்களை விலக்கிக்கொண்டு போனவர், பிள்ளையைப் பார்க்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டிருந்த வசந்தியின் முகத்தைத்தான் பார்த்தார்.

"நித்திரை கொண்டனீரோ, தங்கச்சி?"

"இல்லை அண்ணை. மூண்டு நாளாய் ஒரு கண் நித்திரை இல்லை."

மனுஷன் என் பக்கம் திரும்பினார். "நீ என்னடா மரம் மாதிரி நிக்கிறாய்? பிள்ளையை வாங்கு. அவ போய்ப் படுக்கட்டும்."

"எனக்குப் பயமாய்க் கிடக்கு அண்ணை. இவ்வளவு நாளும் தூக்கேல்லை."

"பயந்துகொண்டு தூக்கு. அவ மட்டும் பயப்பிடாமலே பெத்தவ?"

வசந்தி பிள்ளையை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தாள்.  பிள்ளையை வாழ்த்த ஒரு வார்த்தையாவது சொல்லுவார் என்று பார்த்தேன். பார்சல் அண்ணையோ, வசந்தி நித்திரையால் எழும்பும்வரை, நான் போட்டுவிடுவேனோ என்று பயந்து, என் கைக்குக் கீழே தன் இரண்டு கையையும் ஏந்தியபடியே நின்றார்.